உப்புச் சிப்புக்கு ஒரு பெயர்

இத்தாவில் இருக்கிறவளுக்கு வேலை எதுவும் இல்லை என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் உள்ளறையில் இரு, ஓது, படு, வருகிற பெண்களோடு இரண்டு வார்த்தை கதை, திரும்பவும் படு. நானும் அப்படித்தான் இருந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு, யன்னலுக்கு இரட்டைத் திரை. கல்முனைக்குடியில் எங்கள் வீடு கடற்கரைக்கும் மெயின் ரோட்டுக்கும் இடையில் இருப்பதால் சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. மீன் வியாபாரி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனால் விடிந்துவிட்டது என்று தெரியும். மற்றபடி எதுவும் எனக்குள் ஏறவில்லை. சோற்றில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். வந்த பெண்களில் சிலர் என்னைக் கல்மனசுக்காரி என்று கூடத்தில் இருந்து கதைத்தது காதில் விழுந்தது. வேறு காலமாக இருந்தால் எழும்பிப் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான். அன்றைக்குத் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

அப்படிக் கிடந்தபோதுதான் ஒரு நாள் லப்டொப்பைத் திறந்தேன். ஒரு மெயில் வந்து பல நாட்களாகக் காத்துக் கிடந்தது. எங்கள் வேலையைப் பற்றிய மெயில்.

எங்கள் வேலை என்றால் எனக்கும் இவருக்கும் பொதுவான வேலை. இவர் என்பது என் கணவர். இவர் சின்னச் சின்ன எலக்ட்ரோனிக் போட் செய்வார். கடற்கரை ஊரில் போட் செய்கிறவர் என்று சொன்னால் சனம் படகு என்றுதானே நினைக்கும்? ஒருமுறை பெரியநீலாவணையிலிருந்து ஒருவர் முன்பக்கம் வெடித்த மீன்பிடிப் போட்டை லேண்ட்மாஸ்டர் ட்ரெக்டரில் ஏற்றி, எங்கள் படலைக்கே கொண்டுவந்துவிட்டார். இவர் உள்ளே வந்து மேசையில் கிடந்த உள்ளங்கை அளவு பச்சைத் தகட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தின பேர் போகலாம் தம்பி?" என்று கேட்டார். இவர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, சாய்ந்தமருதில் பைபர் வேலை செய்யும் ஒருவரின் நம்பரையும் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு வீட்டில் புதுப் போட் ஒன்று செய்து முடிக்கும்போதெல்லாம் எத்தனை பேர் போகலாம் என்று நான் கேட்பேன். இரண்டு பேர் என்பார்.

கடைசியாகச் செய்தது வயலுக்கான போட். மேற்கே வயல் வட்டைகளுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால்களில் சில காலங்களில் கடல்தண்ணீர் பின்னுக்கு ஏறி வரும். பார்வைக்கு நல்ல தண்ணீர் போலத்தான் இருக்கும். தெரியாமல் திருப்பிவிட்டால் பயிர் கருகிவிடும். வாய்க்கால் வாயில் பூட்டி வைத்தால் தண்ணீரின் மட்டத்தையும் உப்பையும் அளந்து சொல்லும் ஒரு போட்டை இவர் செய்தார். அதில் இரண்டு சிப். மட்டம் பார்க்கும் சிப் ஒழுங்காக வேலை செய்தது. உப்புப் பார்க்கும் சிப் போட்டில் ஒட்டியிருந்தது, கரண்டும் போனது, ஆனால் வாய் திறக்கவில்லை. அதைப் பேசவைக்கும் மென்பொருளுக்கு ட்ரைவர் என்று பெயர். அது இல்லை. உலகத்தில் யாரும் அதற்கு இன்னும் ட்ரைவர் எழுதியிருக்கவில்லை. எங்கள் போட்டில் மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மடை திறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உப்பையும் சொல்ல வேண்டும் என்பதுதான் இவருடைய ஒரே யோசனையாக இருந்தது.

என் பங்கு பெயர் வைப்பது. கம்பியூட்டரின் அடியில் கேர்னல் என்று ஒரு மென்பொருள் ஓடுகிறது. இப்படியான சின்ன போட்டில் என்னென்ன சாமான் பூட்டியிருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். மரம் மாதிரிக் கிளை பிரித்து எழுதுவதால் அந்தக் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று சொல்வார்கள். இந்தக் கிளையில் இந்தச் சாமான் இருக்கிறது, இதன் பெயர் இது. அந்தப் பெயரை வைத்துத்தான் கேர்னல் அதற்குப் பொருத்தமான ட்ரைவரைத் தேடிப் பிடிக்கும். பெயர்களையும் அவற்றுக்கான விதிகளையும் எழுதி, எல்லா நாட்டுக்காரரும் பார்க்கும் ஒரு மெயில் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பிழை சொல்வார்கள். திருத்தி அனுப்ப வேண்டும். திரும்பவும் பிழை சொல்வார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிழை பிடிக்கிறவர்களோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

பெயர் இரண்டு துண்டாக இருக்கும். முதலில் சிப்பைச் செய்த கொம்பனி, நடுவில் ஒரு கொமா, பிறகு சிப்பின் இலக்கம். இவர் இதைக் குடியும் பேரும் என்பார். எங்கள் பக்கத்தில் பிள்ளை தாயின் குடியைச் சேரும். கலியாணம் பேசும்போது முதலில் கேட்பது என்ன குடி என்பதைத்தான், ஆளின் பெயர் பிறகுதான். "கொம்பனிதான் தாய். குடி தெரியாமப் பேர் மட்டும் கேட்டு என்ன செய்ற?" என்பார். ஒருமுறை பெயரை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அதற்குப் பிறகு மாற்ற முடியாது. அந்தப் பெயரை நம்பி எங்கேயோ யாரோ போட் செய்து விற்றிருப்பார்கள். ட்ரைவர் இல்லாமலும் பெயர் வைக்கலாம். சாமான் போட்டில் இருக்கிறது என்றால் அதை எழுதத்தான் வேண்டும். அதை ஓட்ட ஆள் இருக்கிறதா இல்லையா என்பது வேறு கதை.

என் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, இது விளங்காது. "ட்ரைவர் இல்லாத வேனுக்கு எதுக்கு மச்சான் நம்பர் பிளேட்?" என்று இவரைச் சீண்டுவார்.

"ட்ரைவர் வருவான் மச்சான். வாற நேரம் எந்த வேன் எண்டு தெரியத்தானே வேணும்" என்று இவர் சொல்வார்.

வரவேண்டிய ட்ரைவர் இவர்தான். பெரும்போக நெல் வெட்டி முடியட்டும், எழுதிவிடுகிறேன் என்றார். வெட்டு முடியும் முன்பே ஒரு காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மெயில் அனுப்பியவர் ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர். எங்கள் கோப்புகளைப் பார்த்துப் பிழை சொல்கிறவர். முகம் தெரியாது. இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சுருக்கமாகக் கேட்டிருந்தார். உப்புச் சிப்பின் பெயரில் கடைசி இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்து இருக்கிறதே, ஏன்? இன்னும் வராத சாமானுக்குப் பெயர் வைக்க வேண்டாம். இருப்பதற்கு மட்டும் வையுங்கள்.

எக்ஸ் இவர் போட்டது. அந்தக் கொம்பனி இனி விடப்போகும் சிப்புகளையும் வாங்கிப் பூட்டலாம், எல்லாத்துக்கும் ஒரே பெயராக இருக்கட்டும் என்றார். அது விதிக்கு மாறு என்று எனக்குத் தெரியும். இனி வரப்போவதை எண்ணி அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதால் விட்டுவிட்டேன். இப்போது எக்ஸை அழித்தேன். சரியான இலக்கத்தைப் போட்டேன். ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

பெயருக்கு மேலே வேறொரு வரி உண்டு. பொறுப்பாளர் வரி. இந்தச் சாமானைப் பற்றி யாராவது எப்போதாவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆளின் பெயர் அதில் இருக்கும். ட்ரைவரும் தானே எழுதப்போவதால் இவர் தன் பெயரைப் போட்டிருந்தார். அந்த வரிக்கு வந்ததும் நான் லப்டொப்பை மூடிவிட்டேன்.

மாமி, அதாவது இவருடைய உம்மா, சாய்ந்தமருதில் மூத்த மகளோடு இருக்கிறார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஓட்டோவில் வருவார். என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் பெரிதாகக் கதைப்பதில்லை. ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நான் திரும்பவும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னத்த புள்ள எழுதிறாய்?"

"இவர்ட வேலதான் மாமி. ஒரு சாமானுக்குப் பேர் வெக்கிற."

"சாமானுக்கும் பேர் வெக்கிறயா?"

"ஓம் மாமி. வெச்சா மாத்த ஏலாது."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும்."

தஸ்பீஹ் நின்றது. "அப்ப அவன்ட பேர வை" என்றார்.

கால்மாட்டிலிருந்து என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவன்ட பேர் சொல்ல ஒரு புள்ளயும் இல்ல. இதுக்காவது வை."

குத்திக்காட்டிச் சொன்ன மாதிரி இருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லாததை மாமி அதற்கு முன் ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. குத்தியே சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எனக்கு வலித்திருக்குமா என்று தெரியாது. ஆள்களின் பெயரை வைக்க ஏலாது, சாமான் என்னவோ அதுதான் பெயர் என்று விளங்கப்படுத்தினேன். மாமிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"ரோட்டுக்கு ஆள்ட பேர் வெக்கிறாங்க. ஸ்கூலுக்கு வெக்கிறாங்க. இந்தக் கடுகளவு சாமானுக்கு ஏலாதாம்."

அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல், "இவர்ட பேரும் இதுல இரிக்கி மாமி. இஞ்ச பாருங்க" என்று பொறுப்பாளர் வரியைக் காட்டினேன். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. எது முதல் எழுத்து, எது கடைசி எழுத்து என்று கேட்டுக்கொண்டு, அந்த எழுத்துகளுக்குக் கீழே விரலை வைத்து மகனின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். பிறகு விரலை எடுத்து உதட்டில் ஒற்றி முத்தினார். அன்று பின்னேரமே கூடத்தில் இருந்த பெண்களுக்கு மகனின் பெயரை வெளிநாட்டில் எழுதி வைத்திருக்கிறது, இனி யாராலும் அழிக்க ஏலாது என்று சொன்னார். அழிக்க ஏலாதது சிப்பின் பெயர். இவருடைய பெயர் இருந்த வரியை யாரும் எந்த நேரமும் மாற்றலாம். கூடத்துக்குப் போய் அதைத் திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வரியை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்னொரு மெயில் வராமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன். அது வேறொரு நாட்டுக்காரர் பொறுப்பாளருக்கு, அதாவது இவருக்கு எழுதி, பட்டியலுக்கும் போட்ட மெயில். அவரிடமும் அதே உப்புச் சிப் இருக்கிறதாம். நாங்கள் அனுப்பிய கோப்பைப் பார்த்தாராம். ட்ரைவரைத் தானே எழுதிப் பார்க்கலாம் என்று யோசிக்கிறாராம். சிப்பின் கால்களில் ஒன்றை எதனோடு இணைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிய வேண்டும். பதில் வராததால் திரும்பவும் எழுதியிருந்தார். இரண்டாவது மெயிலில் கொஞ்சம் சலிப்புத் தெரிந்தது. பொறுப்பாளர் கவனிக்கிறாரா இல்லையா என்று கேட்டிருந்தார்.

நான் மேசை லாச்சியைத் திறந்து, போட்டை எடுத்து யன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவர் கேட்ட கால் தரையோடு, அதாவது ஏர்த்தோடு, ஒட்டியிருந்தது. இவர் ஒட்டிய ஈயம் அந்த இடத்தில் கொஞ்சம் தடித்து இருந்தது. இந்தப் பதிலை இவருடைய பெயருக்கு எழுதிக் கேட்டால் ஒருநாளும் வராது. கேட்டுச் சலித்து அந்த மனிதரும் விட்டுவிட்டுப் போவார். வட்டைகளில் உப்புச் சிப் ஊமையாகவே கிடக்கும்.

பதில் எழுதுவதற்கும் ஒரு தடை வந்தது. இத்தாவில் இருந்துகொண்டு அந்நிய ஆண்களுக்கு எழுதலாமா என்று என் உம்மாவுக்குச் சந்தேகம். காக்கா போய் மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்தார். என்ன கதை எழுதுவாள் என்று மௌலவி கேட்டாராம். ஒரு கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்ற கதை என்று காக்கா சொன்னாராம். தேவையான கதையென்றால் எழுதட்டும் என்று மௌலவி சொன்னாராம். உம்மா அதன் பிறகும் நான் தட்டச்சுச் செய்யும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போவார்.

பதிலை எழுதி அனுப்பினேன். பிறகு கோப்பைத் திறந்து, பொறுப்பாளர் வரியில் இவருடைய பெயரை அழித்து என் பெயரை எழுதினேன். அழிக்கும்போது கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம் என்று நினைத்தேன். என்ன மனுசி நான் என்றும் நினைத்தேன். மாமியிடம் சொல்லவில்லை. திருத்திய கோப்பைப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டு, உம்மா கொண்டுவந்து வைத்த கஞ்சியைக் குடித்தேன்.

குளிர்நாட்டுக்காரரின் பதில் வந்தபோது மாமி கட்டிலில் இருந்தார். பெயர் இப்போது சரி என்று எழுதியிருந்தார். மற்றதெல்லாம் சரியாம். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. போன தடவை பொறுப்பாளராக வேறொருவர் இருந்தார். அவரை ஏன் எடுத்தீர்கள்? ஒருவரின் பெயரை எடுப்பதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். அவரையே இந்த மெயிலுக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

நியாயமான கேள்வி. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆளுக்குத் தெரியாமல் ஆளின் பெயரை எடுக்கக்கூடாதுதான். நான் அந்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். விளங்காமல் இல்லை. எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை.

"என்னயாம்?" என்று மாமி கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்கும் தெம்பு இருக்கவில்லை.

"இவர்ட பேர அதுலரிந்து எடுத்துட்டன் மாமி. கேட்டா பதில் சொல்ற ஆள்ட பேர்தான் அதுல இரிக்கணும். இப்ப எடுத்ததுக்கு அவர்ட சம்மதம் வேணுமாம்."

மாமி எழும்பி வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். மகனின் பெயரின் உருவம் அவருக்கு இப்போது பழக்கமாகிவிட்டிருந்தது. அதைத் தேடினார்.

"அழிக்க ஏலாதெண்டாய்."

"அது சாமான்ட பேர் மாமி. இது வேற வரி. நீங்க அப்பிடி நெனச்சிட்டீங்க. நான் சொல்லல்ல."

"இப்ப அதுல ஆர்ட பேர் இரிக்கி?"

"என்ட."

மாமி நிமிர்ந்து நின்றார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவருடைய கை என் தோளில் வந்து நின்றது. அது என்னைப் பிடிப்பதற்கா, தான் விழாமல் இருப்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

"குடுப்பான் எண்டு எழுது" என்றார்.

"மாமி?"

"சம்மதம் குடுப்பான் எண்டு எழுது. நான் அவன்ட உம்மா, நான் சொல்றன். நீ கேட்டு அவன் எத இல்லெண்டவன்?"

நான் எழுதத் தொடங்கினேன். கொடுப்பார் என்று எழுத முடியாது என்பது இங்கிலீஷில் எழுதும்போதுதான் தெரிந்தது. அதற்கு முன் வேறொரு வசனம் எழுத வேண்டியிருந்தது. மற்ற எல்லாரும் அதை எத்தனையோ தரம் என் முன்னால் சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். நான் அதுவரை சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். அவருடைய தாய் என் பக்கத்தில் நிற்கிறார், அவர் சம்மதிக்கிறார் என்று எழுதினேன். முதல் வசனத்தை எழுதி முடித்தபோதே வலி வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னார் மாமி. பாதியில் என்னால் முடியவில்லை. "சரி, அனுப்பு" என்றார்.

அனுப்பினேன்.

மாமி என் முக்காட்டை இழுத்துச் சரியாக்கிவிட்டார்.

"இனி ஆரும் அவன்ட சாமானப் பத்திக் கேட்டா நீதான் சொல்லவேணும்" என்றார்.

ஓம் என்று தலையை ஆட்டினேன்.